பின்னிருக்கையின் உரிமை

பிரயாணம் என்பது ஓரிடத்தினின்றும் புறப்பட்டு மற்றோரிடத்தை அடைவதே எனக் கருதுவோர் பலர். அங்ஙனமாயின் தபால் மூட்டையும் பிரயாணம் செய்கின்றது எனலாம். ஊர்விட்டு ஊர் சென்றும் வழியில் ஒன்றையும் காணாது திரும்பும் மனிதனுக்கும் அம்மூட்டைக்கும் உள்ள வேற்றுமை யாது? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு மோட்டார் சைக்கிள் பிரயாணம். விடை தந்தவள் என் மனைவி.

சில ஆண்டுகளுக்கு முன், சாரற் பருவத்தில், பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்திற்கு ஆலங்குளம் வழியாகச் செல்லும் நேர்ச்சாலையில் நாங்கள் இருவரும் சென்றோம். ஒன்றேகால் மணி நேரத்தில் தென்காசியை அடைந்துவிட்டதாக நான் நண்பர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அப்போது என் மனைவி, "வழியில் மூன்று முறை நிறுத்தச் சொன்னேன், காற்று என் சொல்லைக் கொண்டுபோய்விட்டது" என்று நகைத்தவாறே கூறினாள். நண்பர்களும் நகைத்தனர். ஆனால் உண்மை வேறு. அம்மூன்றில் ஒன்று என் செவியில் நன்றாக விழுந்தது. நேரம் வீணாகுமே என்றெண்ணி, கேளாதவன் போலச் சென்றேன். அவள் காற்றின்மீது ஏற்றிய பழி எனக்குரியது என்பதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்நினைவு நெடுநாள் என் நெஞ்சை உறுத்திக்கொண்டேயிருந்தது.

சென்ற ஆனி மாதத்தில் மீண்டும் குற்றாலம் செல்ல எண்ணியபோது, சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகச் செல்லும் பழைய சாலையைத் தேர்ந்தோம். இது நேர்ச்சாலையினும் 15 முதல் 20 கிலோமீட்டர் நீளம் மிகுந்தது. புறப்படுமுன் எங்களுக்குள் ஒரு நியமம் வகுத்துக்கொண்டோம். கைப்பிடி எவரிடம் இருப்பினும், வேகத்தையும் நிறுத்தத்தையும் தீர்மானிக்கும் உரிமை பின்னால் அமர்ந்திருப்பவருக்கே உரியது. இருவரும் தலைக்கவசம் அணிந்திருந்தமையால், சொல் கேளாதவிடத்துத் தோளைத் தட்டுவதே அடையாளம் எனக் கொண்டோம்.

பேட்டையைக் கடந்ததும் சாலையின் இயல்பே மாறிற்று. இருமருங்கும் கார் சாகுபடிக்கு உழுதிட்ட வயல்கள். மேற்கே செல்லும் எங்களுக்கு எதிராகக் கன்னடியன் கால்வாயின் நீர் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. பத்தமடையில் முதன்முறையாக என் தோள் தட்டப்பட்டது. வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மையார் பாய் நெய்துகொண்டிருந்தார். கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, மயிரிழைபோல் மெல்லிதாகக் கீறி, பருத்தி நூற்பாவிற் கோத்து நெய்யும் அத்தொழிலை ஒரு மணி நேரம் பார்த்திருந்தோம். எங்கள் திருமணத்தில் உறவினர் ஒருவர் அளித்த பத்தமடைப் பாயொன்று, எங்கள் இருவர் பெயரும் நெய்யப்பெற்றது, இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றது. அது பிறந்த ஊரோ எங்கள் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவிலேயே உள்ளது. ஆயினும் அன்றுவரை நாங்கள் அதனைக் கண்டதில்லை.

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டித் தாமிரபரணிப் பாலத்தின்மேல் இரண்டாம் முறை நின்றோம். மேற்கே பொதிகை முகில் போர்த்து நின்றது. அம்மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் இவ்வாற்றின் நீரையே நாங்கள் நாள்தோறும் பருகுகின்றோம்.

மூன்றாவதாக நின்ற இடம் கடையம். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தை அறியாத தமிழர் இலர். அவருடைய மனைவி செல்லம்மா பிறந்த ஊராகிய கடையத்தை அறிந்தவர் அத்துணைப் பேர் இரார். 1918 ஆம் ஆண்டின் இறுதியில் சிறையினின்றும் விடுபட்ட கவிஞர், 1920 வரை தங்கியிருந்தது இவ்வூரில்தான். முன்சென்றவரின் பெயர் நாடெங்கும் நிலைத்துவிட்டது. உடன்சென்றவரின் ஊரை நேர்ச்சாலையில் விரைவோர் காண்பதும் இல்லை.

காலையிற் புறப்பட்ட நாங்கள் குற்றாலம் சேரும்போது பிற்பகல் இரண்டு மணி. ஆயினும் அன்றிரவு நாங்கள் பேசிக்கொள்வதற்குப் பொருள் குறையவில்லை.

திரும்பும்போது என் மனைவி வண்டியை ஓட்டினாள். அவள் மணமாகுமுன்னரே தன் தமையனின் வண்டியிற் பழகி உரிமமும் பெற்றவள். எனினும் எங்கள் நெடும்பிரயாணங்களில் அதுகாறும் நானே ஓட்டிவந்தேன். அவள் ஓட்டலாம் என்ற எண்ணமே எனக்கு எழுந்ததில்லை. ஆழ்வார்குறிச்சிக்கு அண்மையில் ஒரு குளத்தில் கொக்குகள் நிறைந்திருக்கக் கண்டு அவள் தோளைத் தட்டினேன். மறுகணமே வண்டி நின்றது. அக்கொக்குகளைக் கண்டு மகிழ்வதற்கு முன், நான் நிறுத்தாது சென்ற பழைய நாள் என் நினைவில் எழுந்தது. அதனை அக்குளக்கரையிலேயே அவளிடம் சொன்னேன். "அன்றே தெரியும்" என்றாள்.

நெடுஞ்சாலைகள் வேண்டா என்பது நம் கருத்தன்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோர்க்கும், விளைபொருளைச் சந்தைக்கு அனுப்புவோர்க்கும், வேலைக்கு விரைவோர்க்கும் அவை இன்றியமையாதன. ஆனால் ஓய்வு நாளிலும் அவ்வேகமே வேண்டுமென்பது அறியாமை. இக்காலத்துக் கைப்பேசி, வழி கேட்டால் விரைந்து சேரும் வழியையே முதலிற் காட்டுகின்றது. வழியிற் காணத்தக்கது யாது என்பதை நாமே கேட்டால் ஒழிய அது சொல்வதில்லை. அது காட்டும் ஒரு வழியிலேயே எல்லாரும் சென்றால், பழைய சாலைகளின் தேநீர்க் கடைகளும் பாய்க் கடைகளும் வாடும். அவ்வூர்கள் பெயரளவில் மட்டும் நமக்குத் தெரிந்தனவாகிவிடும். அகலப்படுத்துவதற்காகச் சாலையோர மரங்கள் வெட்டப்படும்போது நமக்கு வருத்தமும் தோன்றாது. அம்மரங்களின் நிழலில் நாம் ஒருநாளும் நின்றதில்லையன்றோ?

மோட்டார் சைக்கிள் என்றவுடன் பந்தயத்தையே நினைக்கும் இளைஞர் நம் மாணவருள்ளும் உளர். அவர்களுக்கு யான் கூறுவது இது: மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஒருநாள் ஏதேனும் ஒரு கிளைச்சாலையிற் சென்று பாருங்கள். வேகமாக ஓட்டுதற்கு யந்திரத்தின் வலிமை போதும். மெல்ல ஓட்டுதற்கோ உடன்வருபவர்மீது அன்பும் பொறுமையும் வேண்டும். பின்னாலிருப்பவர் மனைவியாயினும், கணவராயினும், தாயாயினும், தோழராயினும், அவர் சொல் நும் செவிக்கு எட்டும் அளவே தக்க வேகமாகும். எட்டிய சொல்லைக் கேளாததுபோல் செல்லாதிருத்தல் அதனினும் முக்கியம். இப்பிழையை ஒருகால் செய்தவனாதலின் இதனை வற்புறுத்துகின்றேன்.

வரும் விடுமுறையில் ஆற்றின் மற்றொரு பகுதியைக் காண, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகக் கிழக்கே செல்ல எண்ணியுள்ளோம். செல்லும் வழியில் நானும், திரும்பும் வழியில் அவளும் ஓட்டுவதாக ஏற்பாடு. எங்கெங்கே நிற்போம் என்பதை இப்போது கூற இயலாது. அதனைப் பின்னிருக்கையில் இருப்பவர் அவ்வப்போது தெரிவிப்பார்.