முதற்கிழமையில் மூடப்படும் வாயில்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, கலந்தாய்வும் நிறைவெய்திய பின்னர், கல்லூரி வாயில்கள் திறக்கப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிப் படிக்கட்டை மிதித்தறியாத உழவர், நெசவாளர், கூலித் தொழிலாளர் குடிகளினின்று முதன்முதலாக ஒரு மகனோ மகளோ பொறியியல் கல்லூரிக்குள் அடியெடுத்து வைக்கும் நாள், அக்குடிக்குத் திருவிழா நாளினும் பெரிய நாளாகும். ஆயினும், அவ்வாறு உள்ளே நுழைந்த மாணாக்கர்க்கு முதற்கிழமையில் நேர்வது என்ன என்பதைத் தமிழ்நாடு இன்னும் கூர்ந்து நோக்கியதில்லை. நான்காண்டுப் படிப்பின் ஆக்கத்திற்கும் கேட்டிற்கும் அவ்வைந்தாறு நாள்களிலேயே வித்திடப்பட்டு விடுகின்றது.

முதல் நாள், முதல் வகுப்பு. பேராசிரியர் வருகின்றார். ஒவ்வொருவரும் எழுந்து தம்மைப் பற்றிச் சொல்லுக என்கின்றார். ஆங்கிலத்திற் சொல்லுக என்பது சொல்லாமலே விளங்கிக் கொள்ளப்படும் ஆணை. ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்றோர் மளமளவென்று பேசி அமர்கின்றனர். அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்று வந்த மாணவியோ, முன்னை இரவே நெட்டுருச் செய்த நான்கு வரிகளுள் இரண்டைச் சொல்லி, மூன்றாவதில் தடுமாறி, நான்காவதை மறந்து அமர்ந்து விடுகின்றாள். எவரும் நகைத்திலர் என்றே கொள்வோர் கொள்க. பிறர் நகைக்க வேண்டுவதில்லை. தன்னைத் தானே குறைத்து மதிப்பிடும் வேலையை அவள் அப்பொழுதே தொடங்கி விட்டாள். தன் ஊரையும் தன் தந்தையின் தொழிலையும் தன் விருப்பத்தையும் தன் மொழியிற் சொல்ல இசைவு தரப்பட்டிருப்பின், அவ்வகுப்பிலேயே மிகச் செம்மையாகப் பேசியவள் அவளாகவும் இருந்திருக்கக் கூடும்.

இரண்டாம் நாள், கணக்கு வகுப்பு. கரும்பலகை நிரம்புகின்றது. டிபரென்சியேசன், இண்டெகிரேசன், மேட்ரிக்சு, டிட்டர்மினண்டு என்னும் சொற்கள் மழையெனப் பொழிகின்றன. அம்மாணவி திகைக்கின்றாள். ஆனால் இவை அவள் அறியாத பொருள்களா? இல்லை. வகையிடல், தொகையிடல், அணி, அணிக்கோவை என்று இவற்றையே ஈராண்டுகள் பயின்று, தேர்வெழுதி, உயர்ந்த மதிப்பெண் பெற்றுத்தான் அவள் அவ்விருக்கையில் அமர்ந்திருக்கின்றாள். அவளுக்கு நேர்ந்தது அறியாமையன்று. அறிந்ததை அறிந்ததாக உணரவிடாமை. அறியாமையைப் போக்கக் கல்வி உண்டு. அறிந்தவரையே அறியாதவராக்கும் இந்நிலையைப் போக்க எந்தக் கல்வி உண்டு?

மூன்றாம் நாள் இயற்பியல். விசை, முடுக்கம், உந்தம், உராய்வு, தகைவு, திரிபு என்பன அவள் கைக்கொண்டு வந்த சொற்கள். இவற்றின் ஆற்றலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வண்டி மாட்டை முடுக்குதலைக் கண்ட குழந்தைக்கு முடுக்கம் என்பது விரைவின் மாற்றம் என்று விளங்க நெடுநேரம் ஆகாது. உந்துதலை அறிந்த கைக்கு உந்தம் அயலன்று. வடிவு திரிதலே திரிபு. அதனை விளைவிக்கும் அழுத்தத்தைத் தகைந்து நிற்கும் அகவிசையே தகைவு. சொல்லே பாதி பாடத்தை நடத்தி விடுகின்றது. இசுட்ரெசு, இசுட்ரெயின் என்னும் ஒலிகளோ தமிழ்ச் செவிக்கு வேரற்ற ஒலிகள். அவற்றை உருப்போடலாம், வேரூன்றச் செய்தல் அரிது. உருப்போட்ட அறிவு தேர்வறை வாயிலோடு நின்று விடும். வேரூன்றிய அறிவே பாலம் கட்டும், பொறி படைக்கும்.

இனி, அப்பேராசிரியரைக் குறை சொல்லி அமைதல் எளிது. ஆனால் அது முழுவுண்மையாகாது. அவரும் தமிழரே. அவருடைய முதற்கிழமையும் இதனின் வேறுபட்டதன்று. வகுப்பு முடிந்து வெளியேறுங்கால், அம்மாணவி துணிந்து பின்சென்று, "ஐயா, இஃது விளங்கவில்லை" என்று கேட்பாளாயின், அவர் வாயிற்படியில் நின்றவாறே இரண்டு மணித்துளியில் தூய எளிய தமிழில் விளக்கி விடுகின்றார். அவளுக்கும் விளங்கி விடுகின்றது. வாயிற்படிக்கு வெளியே இயல்வது, வாயிற்படிக்கு உள்ளே ஏன் இயலாது? ஐம்பது மணித்துளி வகுப்பினுள் அவ்விரண்டு மணித்துளித் தமிழுக்கு இடமில்லாமற் செய்வது எவருடைய கொடுமையும் அன்று; பழக்கத்தின் அடிமைத்தனம். கொடுமையை எதிர்ப்பது எளிது. பழக்கத்தை எதிர்ப்பதே அரிது.

அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு இடங்களைத் தமிழ்நாட்டரசு 2020ஆம் ஆண்டில் ஒதுக்கியது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு 2021ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது. வரவேற்கத்தக்க அறச்செயல் இது. ஆனால், வெளிவாயிலைச் சட்டத்தாற் திறந்துவிட்டு, உள்வாயிலை மொழியால் அடைத்து வைப்பின், அவ்வறம் பாதியிலேயே நின்று விடும். இடம் கொடுத்தால் மட்டும் போதாது. இடம் பெற்றவர் தலைநிமிர்ந்து அமரவும் வழி செய்தல் வேண்டும்.

தமிழில் உயர்கல்வி இயலாது என்போர், ஏறத்தாழ 160 ஆண்டுகட்கு முந்திய யாழ்ப்பாணத்தை அறிதல் வேண்டும். 1847ஆம் ஆண்டில் ஆங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தவர், 1864ஆம் ஆண்டு முதல் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் பயின்றோர் சம்பளப் பணி தேடி அகன்று விட, சிற்றூர் மக்களுக்கு மருத்துவர் இல்லாமற் போவதை அவர் கண்டார். எனவே, தாமே தமிழைக் கற்று, உடற்கூற்றியல், மகப்பேறு, அறுவை மருத்துவம், வேதியல் முதலிய துறை நூல்களைத் துணைவர்களோடு தமிழாக்கினார். அந்நூல்களின் நடை வடசொல் மிகுந்ததேயாயினும், அவற்றைக் கற்றவர்கள் நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் பயின்றவர்கள். அயல்நாட்டார் ஒருவர்க்குத் தோன்றிய இவ்வெளிய உண்மை, தமிழ் மண்ணிற் பிறந்தோர்க்கு இன்னும் தோன்றாதது இரங்கத்தக்கதாகும்.

பிற இனங்களின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. ஐபா நகரில் அமையவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியற் பாடங்களைச் செருமானிய மொழியிற் கற்பிப்பது என 1913ஆம் ஆண்டில் அதன் ஆட்சிக் குழு முடிவு செய்தது. ஆசிரியரும் மாணாக்கரும் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினர். நூற்றாண்டுக் கணக்கில் வீட்டு வழக்கில் இல்லாதிருந்து, அப்பொழுதுதான் மீண்டும் பேசப்படத் தொடங்கியிருந்த எபிரேய மொழிக்காகவே அவர்கள் போராடினர். 1924ஆம் ஆண்டு அக்கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியபொழுது பயிற்றுமொழி எபிரேயமே. ஐதராபாத்தில் 1918ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உசுமானியாப் பல்கலைக்கழகம், தனி மொழிபெயர்ப்புத் துறையொன்றை முன்னரே அமைத்துக் கொண்டு, மருத்துவமும் பொறியியலும் உட்பட உருதுவிலேயே கற்பித்தது. 1948ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்திற்குப் பின்னரே அங்கு ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. இவ்விரு மொழிகளினும் தமிழ் எவ்வகையிற் குறைந்தது?

தமிழகத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938ஆம் ஆண்டிலேயே கலைச்சொல் தொகுப்பை வெளியிட்டது. 1960ஆம் ஆண்டில் கோவை அரசு கலைக் கல்லூரியிற் பட்டப் படிப்பு தமிழ்வழியில் தொடங்கப்பெற்றது. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால், 2023ஆம் ஆண்டில், சேர்வோர் குறைவெனக் கரணியங் காட்டி உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தி வைப்பதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்த பின்னரே அவ்வறிவிப்பைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. சேர்வோர் ஏன் குறைந்தனர்? நூல்களைப் பெருக்காமலும், வேலைக்கு உறுதி தராமலும், தமிழ்வழி என்றாலே இரண்டாந் தரம் என்னும் எண்ணத்தைக் களையாமலும் விட்டுவிட்டு, பயிர் வாடியதற்கு விதையைப் பழிப்பது உழவறியாதார் செயல்.

ஆங்கிலம் கல்லாதார்க்கு வேலை ஏது என்று கேட்போர் உளர். அவ்வினாவைப் புறந்தள்ளுதல் முறையன்று. பெற்றோரின் அச்சம் பொய்யச்சமன்று. ஆங்கிலத்தை நன்கு கற்கட்டும், மொழியாகக் கற்கட்டும், அதற்கெனத் தனி வகுப்பும் தகுந்த ஆசிரியரும் அமையட்டும். ஆனால், மொழி கற்பிப்பது வேறு; மொழியைத் தடைச்சுவராக நிறுத்தி அறிவை மறைப்பது வேறு. பொருளைத் தன்மொழியில் தெளிந்தவன், அதனைப் பிறமொழியிற் சொல்லப் பழகிக் கொள்வான். பொருளே தெளியாதவன் எந்த மொழியில் எதைச் சொல்வான்?

பெரும்பொருட் செலவின்றியே முதற்கிழமையை மாற்றிவிடலாம். தன்னறிமுகத்தைத் தமிழிற் செய்ய இசைவு தருக. ஒவ்வொரு பாடத்திற்கும், பள்ளியிற் கற்ற தமிழ்ச் சொல்லையும் அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லையும் அருகருகே அச்சிட்ட சிறு பட்டியலை முதல் நாளே கையிற் கொடுக்க. கரும்பலகையில் இரு சொல்லையும் எழுதுக. வகுப்பினுள் தமிழில் வினவவும் விடையிறுக்கவும் உரிமை உண்டென்று பேராசிரியரே வாய்திறந்து சொல்லுக. ஆங்கிலவழிப் படிப்பாயினும் தாய்மொழியில் தேர்வெழுத விடுமாறு பல்கலைக்கழக நல்கைக் குழுவே 2023ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக் கொண்டுள்ளது. முதலாண்டிலேனும் அதனை நடைமுறைப்படுத்த யார் தடை?

இறுதியாக, தமிழன்பர்க்கும் ஒரு சொல். மேடையில் தமிழ் வாழ்க என முழங்கி, வீட்டில் மகளை ஆங்கிலத்தில் விடையிறுக்கப் பழக்கும் முரண் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஊர்தோறும் தமிழ் மன்றங்கள் உள. விழாவும் ஊர்வலமும் நடத்தும் அம்மன்றங்கள், தத்தம் ஊரினின்று இவ்வாண்டு கல்லூரி புகும் மாணாக்கர் எத்துணைப் பேர் என்று எண்ணி, மேல்வகுப்பு மாணாக்கர் ஒருவரை ஒவ்வொருவர்க்கும் துணையாக்கி, அக்கலைச்சொற் பட்டியலை ஆயத்தம் செய்து கொடுத்தால், அதுவே இவ்வாண்டின் தலையாய தமிழ்ப்பணியாகும். ஒரு மாணவி வகுப்பறையின் நடுவே எழுந்து நின்று, நாணமின்றித் தமிழில் ஓர் ஐயம் கேட்கும் நாளே, தமிழ் பல்கலைக்கழகத்துள் நுழைந்த நாள். அந்நாளை விரைவிற் கொணர்தல் தமிழர் கடன்.