யுவிகாவுக்கு நம் பிள்ளைகளை அனுப்பலாமா?

பழவேற்காடு முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் காட்டுப்பள்ளியில் நின்றே பார்க்கலாம். ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைக்குப் பிழைப்பு கிடையாது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் அந்த உலகத்துக்குள் நம் பிள்ளைகள் நுழைய ஒரு சின்ன வாசல் உண்டு. இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் இரண்டு வாரம் தன் மையங்களில் தங்கவைத்துப் பயிற்சி தருகிறது. அந்த மையங்களில் ஸ்ரீஹரிகோட்டாவும் ஒன்று.

"அங்கே போனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

முதலில் கிடைக்காததைச் சொல்லிவிடுவோம். அந்தச் சான்றிதழுக்குக் கல்லூரியில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒழித்துவிட்டோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். இஸ்ரோவின் விண்வெளித் துறைக் கல்லூரியான திருவனந்தபுரம் ஐஐஎஸ்டியில் பி.டெக் சேரக்கூட ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைதான் வேண்டும். யுவிகா போனவன், போகாதவன் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

ஆனாலும் அனுப்பலாம் என்பதுதான் நம் கருத்து. தங்குமிடம், சாப்பாடு, பாடப்பொருள் எல்லாம் இஸ்ரோ செலவு. ரயில் கட்டணமும் உண்டு, கூட வரும் பெற்றோர் ஒருவருக்கும் சேர்த்து. (சீட்டைக் காட்டிய பிறகுதான் அந்தப் பணம் திரும்ப வரும். தினக்கூலி வீட்டில் முன்பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்தவர்கள் இந்த விதியை எழுதவில்லை.) பல்கலைக்கழகங்களின் பெயரைச் சொல்லி ஆயிரம் ஆயிரமாக வாங்கிக்கொண்டு, "நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்" என்று கடிதம் அனுப்பும் கோடை வகுப்புகளோடு இதைச் சேர்க்க முடியாது. கடன் வாங்கி அவற்றுக்குப் போக வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

அம்பேத்கர் 1913இல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது, அந்தப் படிப்பெல்லாம் சேர்ந்தும் அவருக்கு அந்த ஊரில் நிம்மதியாகத் தங்க ஓர் இடம் வாங்கித் தரவில்லை. ஆனால் அங்கே பெற்ற அறிவை யாரும் பிடுங்கவும் முடியவில்லை. இரண்டு வாரப் பயிற்சியை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான். இருந்தாலும், பதினான்கு வயதில் ஒரு விஞ்ஞானியின் எதிரே உட்கார்ந்து கூச்சமில்லாமல் கேள்வி கேட்டுப் பழகுவது நம் தெருப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. ஏவும் நாளில் வலை ஏன் கரையில் கிடக்கிறது என்று அங்கேயே கேட்டுவிட்டு வரட்டும்.

நமக்குச் சண்டை இருப்பது தேர்வு முறையோடு. பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. நல்ல இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் குலுக்கலில் பெயர் போடும் உரிமை குறிப்பிட்ட சாதியின் குறிப்பிட்ட ஊர்களுக்குப் பரம்பரையாக வந்தது. தலித்துகளும் இருளர்களும் அந்தச் சீட்டில் இல்லை. ஆகவே யார் பட்டியலை நீட்டினாலும், அதில் எழுதாமல் விட்ட பெயர்களைத் தேடுவது நம் பழக்கம்.

யுவிகா பட்டியலைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. இணையவழி வினாடிவினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சிக்கு 10 வரை, ஒலிம்பியாடுக்கு 5 வரை, விளையாட்டுக்கு 5 வரை. சாரணர், என்சிசி என்றால் 5. ஊராட்சிப் பகுதிப் பள்ளி என்றால் 15. சாரணர் படையும் இல்லை, கண்காட்சிக்கு அழைத்துப்போக ஆசிரியரும் இல்லை, ஒலிம்பியாடுக்குக் கட்டணம் கட்ட வீட்டில் வசதியும் இல்லை என்றால், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இருபது, இருபத்தைந்து மதிப்பெண் போய்விடும். காட்டுப்பள்ளி ஊராட்சி என்பதால் 15 கிடைக்கும், அது கொஞ்சம் ஈடு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எண்ணூர்? அது சென்னை மாநகராட்சி. அதே அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் எண்ணெய்க் கழிவும் அமோனியா வாயுவும் அடுத்தடுத்து வந்த அதே கரை. ஆனால் விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளை நகரத்துப் பிள்ளை. மயிலாப்பூர்க் கான்வென்ட் பிள்ளையோடு ஒரே வரிசை. பட்டியல் சாதி, பழங்குடி என்ற சொல் இந்தக் கணக்கில் எங்கேயும் கிடையாது.

விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். பள்ளித் தலைமையின் கையெழுத்து வேண்டும். அப்போது ஓடினால் கிடைப்பது கொஞ்சம்தான். ஏழாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பள்ளி அளவுக் கண்காட்சியில் கலந்துகொண்டாலே 2 மதிப்பெண் உண்டு, அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சாரணர் படை தொடங்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் தோழர்கள் மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வினாடிவினாவுக்குப் பழக்கலாம், படிவத்தை நிரப்பித் தரலாம். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குத் தனி இடமும், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிற்சாலைப் பகுதிப் பள்ளிகளுக்கு அந்த 15 மதிப்பெண்ணும் கேட்டு இஸ்ரோவுக்கு ஒரு மனு எழுதுகிறோம். கையெழுத்துப் போட விரும்பும் தோழர்கள் சொல்லுங்கள்.