தலைமை உபாத்தியாயரை அளக்கும் கோல்

பள்ளிக்கூடத் தலைவர்களின் வேலையை ஸர்க்கார் மதிப்பிடுவது அவசியமே. பொதுஜனங்களின் வரிப் பணத்தில் சம்பளம் பெறுவோர் பொதுஜனங்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. எந்தக் கோலைக் கொண்டு அளப்பது என்பதே கேள்வி. தலைமை உபாத்தியாயர் மீது வைக்கும் கோல் அவரோடு நிற்பதில்லை; அவரிடமிருந்து உபாத்தியாயர்களின் முதுகுக்கும், அங்கிருந்து பிள்ளைகளின் தலைக்கும் இறங்குகிறது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் நடந்தது இதற்குத் தக்க சாட்சி. அந்நகரப் பள்ளிகளுக்கு வருஷந்தோறும் பரீக்ஷை இலக்கு விதிக்கப்பட்டது. எட்டியவர்களுக்குப் பரிசுப் பணம். எட்டாத தலைமை உபாத்தியாயர்களுக்கு வேலை போகும் என்ற பயம். மதிப்பெண்கள் அதிசயிக்கத்தக்க வண்ணம் ஏறின. நகரத்தின் கல்வித் தலைவர் 2009-ம் வருஷத்தில் தேச விருதும் பெற்றார். 2011-ல் மாகாண ஸர்க்காரின் விசாரணை உண்மையை வெளியிட்டது. ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44-ல் மோசடி! சம்பந்தப்பட்டவர்களென்று குறிக்கப்பட்ட 178 பேரில் 38 பேர் தலைமை உபாத்தியாயர்கள். பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்து, சரியானவற்றைப் பெரியவர்களே குறித்திருந்தார்கள். 2015-ல் நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகளென்று தீர்மானித்தது.

குற்றவாளிகளுக்காக நாம் பரிந்து பேசவில்லை. உண்மையில் தண்டனை அடைந்தவர்கள் பிள்ளைகளே. வாசிக்கத் தெரியாத பிள்ளை தேறியதாகக் கணக்கில் ஏறியபோது, அதற்குக் கிடைக்கவேண்டிய உதவியும் தவறிப் போயிற்று.

இது புதிய நோயுமல்ல. இங்கிலாந்தில் 1862-ம் வருஷத்து விதிப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறும் பிள்ளைக்காகப் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைவு. விளைவு என்ன? பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை நெட்டுருப் போட்டார்கள்; மற்றப் பாடங்கள் மெலிந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலேயரே அம்முறையைக் கைவிட்டனர்.

நம் நாட்டிலும் பொதுப் பரீக்ஷை முடிவு வெளிவந்தவுடன் பள்ளிவாரியாகத் தேர்ச்சி சதவீதம் பார்ப்பதும், குறைந்த இடங்களில் தலைமை உபாத்தியாயரிடம் விளக்கம் கேட்பதும் வழக்கமாயிருக்கின்றன. எண்ணைக் கேட்டால் எண்தான் கிடைக்கும், கல்வி கிடைக்காது.

ஆகவே நாம் கூறுவது இதுவே. தலைமை உபாத்தியாயர் எத்தனை வகுப்புகளில் அமர்ந்து பாடம் கேட்டார், புதிய உபாத்தியாயருக்கு என்ன வழி காட்டினார், காலி ஸ்தானங்களை நிரப்பும்படி மேலிடத்தில் எவ்வளவு வாதாடினார், பின்தங்கிய பிள்ளையைக் கைவிடாமல் காத்தாரா என்பவற்றைக் கொண்டு அவரை மதிப்பிடட்டும். அவரின் கீழ் வேலை செய்யும் உபாத்தியாயர்களின் அபிப்பிராயத்துக்கும் அதில் இடமளிக்கட்டும். பரீக்ஷை முடிவையும் பார்க்கலாம். அதை மட்டுமே பார்ப்பதுதான் அநர்த்தம்.

பயந்த தலைவரின் கீழ் தைரியமுள்ள உபாத்தியாயர் நிலைப்பதில்லை. பயந்த உபாத்தியாயரிடம் சுதந்திர நாட்டின் பிரஜைகள் உருவாவதுமில்லை. அதிகாரிகள் கோலை மாற்றுவார்களாக.