டியூஷன் யாருக்குத் தேவை? எப்போது தேவை?



நமது ஊர்களில் பிள்ளை தரம் 4 க்கு வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த சேரிடம் போடுவது?" என்பதுதான். டியூஷன் தேவையா இல்லையா என்ற கேள்வி எழுவதே இல்லை. கடைக்கு நாலு மூட்டை சீனி இறக்குவதென்றாலும் விலை என்ன, விற்குமா, வைக்க இடமிருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறார் நமது வியாபாரி. அதே வியாபாரி, தன் பத்து வயதுப் பிள்ளையின் இரண்டு வருடங்களை, பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிக் கொடுத்து விடுகிறார். இது என்ன நியாயம்?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எதற்காக வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். 1940 களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டு வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கும் நல்ல பாடசாலை கிடைக்க வேண்டும் என்பதற்காக மத்திய மகா வித்தியாலயங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் படிக்கத் திறமையுள்ள பிள்ளைகளைத் தெரிவு செய்யவே புலமைப்பரிசில் ஏற்பட்டது. இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த அதே 1945 ஆம் ஆண்டில்தான் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களும் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார்கள். திறமையிருந்தும் வசதியில்லாத பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்பதே இரண்டின் நோக்கமும்.

இன்று நடப்பது என்ன? 2025 ஆம் ஆண்டு இப்பரீட்சைக்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றினார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றவர்கள் ஏறத்தாழ 52,000 பேர். அதாவது ஆறு பிள்ளைகளில் ஒன்று. மற்ற ஐந்து பிள்ளைகளும் "நீ பெயில்" என்ற பேச்சைப் பத்து வயதில் கேட்கிறார்கள். பரீட்சை கட்டாயமானதன்று என்றாலும் பிள்ளையை அனுப்பாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் நமக்கு!

2024 இல் முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இறுதியில் மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்க வேண்டியதாயிற்று. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இவ்வளவு பெரிய சந்தை உருவாகியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

டியூஷனே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. தேவையான பிள்ளைக்கு அது மருந்து. தேவையில்லாத பிள்ளைக்கு மருந்து கொடுப்பவர் யார்? பணத்தைக் கட்டுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதலாவது: இந்தப் பரீட்சையால் என் பிள்ளைக்கு மாறப்போவது என்ன?

இப்பரீட்சையால் கிடைக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவிப்பணம். மற்றது, தரம் 6 இல் பிரபல பாடசாலை ஒன்றுக்குச் செல்லும் வாய்ப்பு. உங்களுக்குக் கடை நன்றாக ஓடுகிறதென்றால் உதவிப்பணம் உங்கள் பிள்ளைக்குரியதல்ல. உங்கள் பிள்ளை ஏற்கெனவே தரம் 13 வரை உள்ள நல்ல பாடசாலையில் படித்து, அங்கேயே தொடரப் போகிறதென்றால் பாடசாலையும் மாறப்போவதில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றாலும் தூரத்துப் பாடசாலையின் விடுதிக்கு மகளை அனுப்ப மாட்டோம் என்று ஏற்கெனவே முடிவெடுத்திருக்கும் பெற்றோரும் உண்டு. அப்படியானால் மாதா மாதம் கட்டும் பணம் எதற்கு? சந்தியில் தொங்கும் பதாகையில் பிள்ளையின் படம் வருவதற்கா?

இதற்கு மாறாக, தரம் 5 உடன் முடிந்துவிடும் சின்னப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு இந்தப் பரீட்சை ஒரு கதவு. உதவி தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான். ஆனால் டியூஷன் வகுப்பின் முன் வரிசையில் அந்தப் பிள்ளை இருப்பதில்லை.

இரண்டாவது: பிள்ளை தடுமாறுவது எங்கே?

இதை அறிய எந்த சேரும் தேவையில்லை. கடந்த கால வினாத்தாள் ஒன்றை எடுங்கள். நேரம் குறிக்காமல் பிள்ளையைச் செய்ய விடுங்கள். இன்னொரு நாள் வேறொரு வினாத்தாளை நேரம் குறித்துச் செய்ய விடுங்கள். முதலாம் வினாத்தாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டாவதற்கு ஒன்றேகால் மணித்தியாலம். நேரம் இருந்தபோது சரியாகச் செய்த பிள்ளை, நேரம் குறித்தபோது தடுமாறினால் குறை வேகத்தில்தான். கிழமைக்கு ஒரு வினாத்தாளை வீட்டிலேயே செய்து பழகினால் அது சரியாகிவிடும். பெருக்கல், பின்னம், நிறை, நீளம் ஆகியவற்றில் மட்டும் பிழைத்தால் அந்தப் பாடத்துக்கு மட்டும் ஒருவர் இரண்டு மாதம் உதவினால் போதும். சனிக்கிழமை கடைக்குக் கூட்டிச் சென்று 350 கிராம் பருப்பின் விலையைக் கணக்கிடச் சொல்லும் வாப்பாவும் கணித ஆசிரியர்தான்.

ஆனால் வினாவையே வாசித்து விளங்கிக் கொள்ள முடியாத பிள்ளை இருக்கிறதே, அதுதான் உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை. அதற்குத் தரம் 5 இல் வினாத்தாளை அள்ளிக் கொடுப்பதால் பயனில்லை. தரம் 3 இலேயே கண்டுபிடிக்க வேண்டும். அரசாங்கம் இலவசமாகத் தரும் தமிழ்ப் பாடநூலில் பிள்ளை இன்னும் படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடி, வாசித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் அன்றே உதவி தேடுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடாதீர்கள்.

மூன்றாவது: கற்பிப்பவர் யார், எத்தனை பேருக்கு?

மண்டபம் நிறையப் பிள்ளைகளை வைத்து ஒலிபெருக்கியில் விடை சொல்லிக் கொடுப்பது கற்பித்தலா? உங்கள் பிள்ளை ஏன் பிழை விட்டது என்று அந்த ஆசிரியருக்குத் தெரியுமா? ஒரு மாதம் கழித்து அவரிடம் சென்று, "என் மகன் எதில் பின்தங்கியிருக்கிறான்?" என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த வகுப்பில் பிள்ளையை வைத்திருக்க வேண்டாம். காலையில் பாடசாலையில் சொல்லாததை மாலையில் காசுக்குச் சொல்லும் ஆசிரியர் இருந்தால், அதிபரிடம் பேச வேண்டியது பெற்றோரின் கடமை. பயந்து காசு கட்டுவது கடமையல்ல.

நான்காவது: இதற்காகப் பிள்ளை இழப்பது எதை?

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டு, இரண்டரைக்கு டியூஷன், ஐந்தரைக்கு வீடு, இரவில் வீட்டுவேலை. இந்த அட்டவணையில் முதலில் வெட்டப்படுவது விளையாட்டு. இரண்டாவது தூக்கம். மூன்றாவது குர்ஆன் மத்ரஸா! "ஸ்கொலர்ஷிப் முடியட்டும், பிறகு ஓதப் போகலாம்" என்று எத்தனை வீடுகளில் சொல்கிறோம்? பரீட்சை முடிந்ததும் போன பிள்ளைகள் எத்தனை பேர்? ஓதுவதற்கான கட்டளையோடு ஆரம்பமான மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், ஓதலையே விற்றுப் புள்ளி வாங்க வேண்டுமா? காலையில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளை, வினாத்தாளை ஒளித்து வைக்கும் பிள்ளை, உம்மாவைக் கண்டு பயப்படும் பிள்ளை, இவை எல்லாம் "போதும்" என்று நமக்குச் சொல்லும் அறிகுறிகள். பிள்ளை அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ஊரில் தலை நிமிர்ந்து நடப்பதற்கான சரக்கு அல்ல.

இளைஞர்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் உங்களில் அநேகர். உங்கள் மஹல்லாவிலேயே வாசிக்கத் தெரியாத தரம் 3, தரம் 4 பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் மண்டபம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் இளைஞர், கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை கிடைக்கும் காலத்தில் காலை வேளையையும் பயன்படுத்தலாம். பழைய வினாத்தாளும் வெண்கட்டியும் வாங்க ஜமாஅத்தில் ஒருவர் முன்வந்தால் போதும்.

வியாபாரிகளே! வீட்டில் உள்ள பிள்ளைக்குத் தேவையில்லாத டியூஷனுக்குக் கட்டும் பணத்தை நிறுத்தி, அதே தொகையில் மீனவர் தெருவிலோ தோட்டத்து லயத்திலோ இருக்கும் ஒரு பிள்ளையின் தேவையை ஏற்றுக் கொள்ளுங்கள். 1945 இல் நமது பெரியார்கள் காட்டிய வழி அதுதான்.

நமது அரசியல் பிரதிநிதிகளுக்கும் ஒரு வார்த்தை. பெறுபேறு வந்ததும் பிள்ளையின் படத்தோடு உங்கள் படத்தையும் போட்டுப் பதாகை கட்டுவதை நிறுத்துங்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பட்டியலைக் கையிலெடுத்து, கல்வி அமைச்சின் கதவைத் தட்டுங்கள். பக்கத்துப் பாடசாலை நல்ல பாடசாலையாக இருந்தால், பத்து வயதுப் பிள்ளை வேறு பாடசாலை தேடிப் போட்டியிட வேண்டிய அவசியமே வராது.

அதுவரை, பெற்றோரே, பணத்தை எண்ணுமுன் பிள்ளையை உட்கார வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். டியூஷன் தேவையா என்பதற்கான விடை அந்தப் பக்கத்திலேயே கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ்.