பூட்டை எழுதுறதும் நாங்கள்தான்

இந்த வார எபிசோட்டில் போன் பற்றரி மாற்றுறதைப் பற்றிக் கதைச்சம். முடிவில் "எங்கட கராஜிலயும் ஒரு கதை இருக்கு" என்று சொன்னேன், நேரம் போதவில்லை. இதுதான் அந்தக் கதை.

அப்பா யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்காக இருந்தவர். லண்டனில் மினிகேப் ஓடுகிறார். போன வருடம் அவருடைய காரில் ஒரு ஹெட்லைட் பழுதாகிவிட்டது. பழைய சாமான் கடையில் அதே மொடல் லைட்டை வாங்கி, தானே பூட்டினார். கார் அதை ஏற்கவில்லை. கம்பெனி கராஜில் கம்ப்யூட்டரைக் கொளுவி அனுமதி குடுத்தால்தான் எரியுமாம். இரண்டு நாள் உழைப்பு போச்சு. அதைவிட, "எனக்குத் தெரியாத வேலையே பிள்ளை இது?" என்று அவர் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதுக்குப் பிறகுதான் ஓடாமல் கிடந்த 1965 மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினோம். இலங்கை ரோட்டுகளிலும் நிறைய ஓடின கார். அப்பா தொழில் பழகினதும் அதில்தான். எஞ்சின் 1098 சிசி. 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் வந்த ஏ-சீரிஸ் குடும்பம், பிறகு மினிக்கும் போனது.

பதினொரு மாதம், சனி ஞாயிறு மட்டும். எஞ்சினை வெளியில் இறக்கி முழுக்கக் கழட்டினோம். சிலிண்டர்களைக் கடைந்து பெரிசாக்க வெளியில் குடுத்தோம். ஈயம் இல்லாத பெற்றோலுக்குத் தாக்குப்பிடிக்க, எக்ஸோஸ்ட் வால்வ் உட்காரும் இடத்துக்குக் கடின வளையம் போட்டோம். மிச்சத்தை நாங்களே பூட்டினோம். ஒவ்வொரு அளவும் மனுவலில் இருந்தது: ஹெட் நட் 40 பவுண்ட்-அடி, வால்வ் இடைவெளி 12 தௌ. அறுபது வயதுக் காருக்கு கஸ்கெட்டும் பேரிங்கும் இன்னும் புதுசாக வாங்கலாம்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினபோது காபரேட்டரால் 'டப்' என்று திருப்பி வெடித்தது. எல்லாம் வீண் என்று நினைச்சேன். அப்பா கேட்டுட்டு, "டிஸ்ரிபியூட்டர் ட்ரைவை மாறிப் பூட்டியிருக்கிறாய்" என்றார். ஒரு சுற்று வேலைக்குள் பிஸ்டன் இரண்டு தரம் மேலே வரும்: ஒன்று கொம்ப்ரெஷனில், மற்றது எக்ஸோஸ்டில். நான் பிழையானதைப் பார்த்து வைத்திருந்தேன். கழட்டி, 180 பாகை திருப்பிப் பூட்டினோம். ஓடியது!

பிழை என்னுடையது. ஆனால் அதை நாங்களே கண்டுபிடித்து நாங்களே திருத்த முடிந்தது. என்னுடைய வாதம் இவ்வளவுதான்.

பழைய கார்தான் நல்லது என்று சொல்ல வரேல்லை. மைனரில் ஏர்பேக் இல்லை, புகை கூட, ஒயிலும் கசியும். அதில் மினிகேப் ஓட ஏலாது. புதுக் காரில் கம்ப்யூட்டர் இருக்கிறதும் பிழை இல்லை. களவு போகாமல் இருக்க சாவியைப் பூட்டி வைப்பது நியாயம். ஒரு லைட்டையும் ஏன் பூட்ட வேண்டும்?

சட்டம் மெல்ல அசைகிறது. 2021இல் பிரித்தானியாவில் வோஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ரிவி போன்றவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் போன்களுக்கும் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் பாகம் கையில் கிடைத்தாலும், மென்பொருள் "ஓம்" சொல்லாவிட்டால் என்ன பிரயோசனம்?

அந்த மென்பொருளை யார் எழுதுகிறார்கள்? இதை வாசிக்கிற உங்களில் கனபேர் எஞ்சினியரிங், கோடிங் வேலைதான் செய்யிறியள். நானும்தான். அடுத்த முறை மீற்றிங்கில் "இந்தப் பாகத்தையும் லொக் பண்ணுவம்" என்று யாராவது சொன்னால், "எதுக்கு?" என்று ஒரு தரம் கேளுங்கோ. அந்தப் பக்கத்தில் ஸ்பானரோடு நிற்கிறது உங்கட அப்பாவாகவும் இருக்கலாம்.

உங்கட வீட்டிலும் இப்படிப் பூட்டின சாமான் இருந்தால் பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் வாசிப்பம்.