சோரியாசிஸ் மருந்தும் காப்புரிமைக் கொள்ளையும்

சோரியாசிஸ், உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் தோலையே தாக்கும் நாள்பட்ட அழற்சி நோய், மூட்டுகளையும் முடக்கவல்லது. தொற்றாத இந்நோயைத் தொற்றுநோயெனக் கருதி உழைப்பாளிகளை ஒதுக்கும் கொடுமையும் தொடர்கிறது.

களிம்புக்கும் மாத்திரைக்கும் கட்டுப்படாத நிலையில் உயிரியல் மருந்துகள் பெரும் பயன் தருகின்றன. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களை அவை தடுக்கின்றன. ஆனால் நோயை முற்றாக நீக்குவதில்லை. ஊசியை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். தினக்கூலித் தொழிலாளி இச்செலவை எங்ஙனம் தாங்குவார்?

உயிருள்ள செல்களில் உருவாக்குவதால்தான் விலை அதிகம் என்கின்றன பெருநிறுவனங்கள். இது பாதி உண்மையே. அடாலிமுமாப் மருந்தின் மூலக் காப்புரிமை அமெரிக்காவில் 2016இல் முடிந்தது. அடுக்கடுக்கான துணைக் காப்புரிமைகளைக் காட்டி 2023 வரை அங்கு போட்டி மருந்துகள் தடுக்கப்பட்டன. இந்தியாவிலோ 2014இலேயே அதற்கு ஒப்பான மருந்து, அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு வந்தது. ஏகபோகம் உடைந்தால் விலை சரியும்.

அந்த விலையும் ஏழைக்கு எட்டாது. இங்குதான் கியூபா வழிகாட்டுகிறது. 2013இல் இந்தியாவில் சோரியாசிசுக்கு அறிமுகமான இடோலிசுமாப், ஹவானாவின் அரசு ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. இங்கு அதனை விற்றதோ தனியார் நிறுவனம். பொருளாதார முற்றுகைக்குள் வாழும் சிறு நாட்டின் பொதுத்துறை சாதித்ததை இந்தியப் பொதுத்துறை சாதிக்க இயலாதா?

ஒன்றிய அரசு பொதுத்துறையில் இம்மருந்துகளைத் தயாரிக்க வேண்டும். அதுவரை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மறைந்திருக்கும் காசநோயைக் கண்டறியும் பரிசோதனையுடன் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்க வேண்டும். காப்புரிமை நீடிக்கும் புதிய மருந்துகளுக்கு, 2012இல் புற்றுநோய் மருந்தொன்றுக்கு வழங்கியதுபோல் கட்டாய உரிமம் வழங்கத் தயங்கலாகாது.