காற்றுக்கும் வழி விடட்டும் தலைநகரம்

2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி தில்லி மக்களால் எளிதில் மறக்க முடியாத நாள். அன்று அதிகாலையில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 35.2 டிகிரி செல்சியஸ். இயல்பைவிட ஏறத்தாழ 8 டிகிரி அதிகம். அன்று பிற்பகல் தலைநகரின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது.

பகல் வெயிலுக்குச் சூரியனைக் குறை கூறலாம். விடியும்வரை தணியாத வெப்பத்துக்கு யாரைக் குறை கூறுவது? வட மாநிலங்களை வாட்டிய வெப்ப அலை ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த வெப்பத்தை இரவிலும் வெளியேறவிடாமல் பிடித்து வைத்திருப்பது நகரமேதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட லண்டன் நகரின் இரவுகள் வெப்பமானவை என்று லூக் ஹோவர்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதினார். அதன் காரணத்தை இன்று சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வாளர்கள் தெளிவாக விளக்குகின்றனர். பகலில் கான்கிரீட்டும் தாரும் உறிஞ்சும் வெப்பம் இரவில் வானத்தை நோக்கி வெளியேற வேண்டும். குறுகிய தெருவின் இருபுறமும் கட்டடங்கள் உயர்ந்துவிட்டால், ஒரு சுவர் உமிழும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. தெருவின் அகலத்தைவிடக் கட்டடத்தின் உயரம் கூடக் கூட, காற்று தெருவுக்குள் இறங்காமல் மொட்டைமாடிகளுக்கு மேலாகவே கடந்துபோய்விடுகிறது. போதாததற்கு, அறையைக் குளிர்விக்கும் குளிர்சாதனக் கருவிகள் உள்ளிருக்கும் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகின்றன. வசதி உள்ளவரின் குளிர்ச்சி, வசதி இல்லாதவரின் புழுக்கமாகிறது.

இதற்குத் தீர்வு கண்ட நகரம் ஹாங்காங். 2003-இல் 299 உயிர்களைப் பலிகொண்ட சார்ஸ் நோய்க்குப் பிறகு, நெருக்கமான அடுக்குமாடிகளுக்கிடையே காற்றோட்டம் இல்லாததன் ஆபத்தை அந்நகர நிர்வாகம் உணர்ந்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியோடு, பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு செய்யும் நடைமுறை 2006-இல் கொண்டுவரப்பட்டது.

நம் நாட்டில் நிலைமை என்ன? ஆமதாபாத் மாநகராட்சி 2013-இல் வகுத்த வெப்பத் தடுப்புத் திட்டம் பாராட்டுக்குரியது. பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. ஆனால், முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனை ஏற்பாடு என இத்தகைய திட்டங்களின் பெரும்பகுதி வெப்பம் வந்த பிறகு செய்ய வேண்டியவற்றையே பேசுகிறது. வெப்பத்தை உருவாக்கும் கட்டட அனுமதி வேறொரு அலுவலகத்தில், வேறொரு கோப்பில் இருக்கிறது.

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்கிறது மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. அதனுடன் வெளியான விண்ணப்பப் படிவத்திலேயே, இத்திட்டத்தால் வெப்பத் தீவு உருவாகுமா என்ற கேள்வி இடம்பெற்றது. கேள்வி சரிதான். ஆனால், தனியொரு கட்டடத்தை மட்டும் பார்த்து அதற்கு விடை காண முடியாது. பக்கத்துக் கட்டடம் எது, தெருவின் அகலம் எவ்வளவு, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

உயரமான கட்டடங்களைத் தடுத்தால் வீட்டுப் பற்றாக்குறை பெருகும் என்ற வாதம் எழலாம். உயரம் மட்டுமே குற்றமல்ல. காற்றின் திசைக்குக் குறுக்கே மதிலாக நிற்கும் நீண்ட கட்டடத்தைவிட, இடைவெளிவிட்டு நிற்கும் உயர்ந்த கட்டடங்கள் காற்றை அதிகம் அனுமதிக்கக்கூடும். ஹாங்காங்கின் விதிகளை அப்படியே நகலெடுக்கவும் முடியாது. மே மாதப் பகலில் தில்லியில் வீசும் 'லூ' அனல் காற்றுக்குத் தடுப்பும் நிழலும் தேவை. இரவுக் காற்றுக்கும் மழைக்காலப் புழுக்கத்துக்கும் திறந்த வழி தேவை. எனவே, தில்லிக்கென்றே தனி ஆய்வு வேண்டும்.

யமுனையின் வெள்ளச் சமவெளியும் ஆரவல்லியின் ரிட்ஜ் காடும் தலைநகருக்கு இயற்கை அளித்த குளிர்ச்சி வெளிகள். அவற்றைக் கட்டடங்களுக்குத் தாரைவார்க்காமல் காப்பதும், பெரிய குடியிருப்புகளை மறுநிர்மாணம் செய்யும்போது காற்றோட்ட மதிப்பீட்டைக் கட்டாயமாக்குவதும் அரசு உடனடியாகச் செய்யக்கூடியவை.

ஒருமுறை எழுப்பிய கட்டடம் அரை நூற்றாண்டு நிற்கும். இன்று வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியும், ஒற்றை அறையில் மின்விசிறியை மட்டுமே நம்பி வாழும் குடும்பம் இன்னும் 50 கோடைகளில் உறங்குமா, உறங்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. வரைபடத்தில் கையெழுத்திடும் அதிகாரிக்கு அந்தக் குடும்பம் நினைவில் இருக்க வேண்டும்.